சும்மா ஒரு பூ ஜாடி

செத்த இயற்கை. ருமேனிய மொழியில 'நத்தூர மொவார்த்த'ன்னு ஒரு சொல் இருக்கு, அதுக்கு நேர் அர்த்தம் இதுதான். பூ ஜாடி, பழத்தட்டு, புத்தகம், புகைக்குழாய்னு அசையாத சாமான்களை மேசை மேல வெச்சு வரையுற படங்களுக்கு அங்க இதுதான் பேரு. பிரெஞ்சுக்காரங்க கிட்டயும் இதே பேருதான். இங்கிலீஷ்காரங்க டச்சுக்காரங்களைப் பார்த்து 'ஸ்டில் லைஃப்'னு வெச்சுக்கிட்டாங்க. அதாவது, அசையாம இருக்குற உயிர். அதே ஜாடி, அதே பூ. ஒரு பக்கத்துல அது செத்துப்போச்சு, இன்னொரு பக்கத்துல ஆடாம அசையாம உட்கார்ந்திருக்கு. பேரு வைக்கிறதுல எவ்வளவு பெரிய கருத்து வேறுபாடு பாருங்க.

நம்மகிட்ட இதுக்குன்னு புழக்கத்துல ஒரு பேரே இல்ல. ஸ்கூல்ல டிராயிங் வாத்தியார் போர்டுல ஒரு ஜாடி, அதுல அஞ்சு பூ போட்டுட்டு "இதைப் பார்த்து வரைங்கடா"ன்னு சொல்லிட்டு பேப்பர் படிக்க உட்கார்ந்துடுவார். நமக்கும் அந்த வகைப் படத்துக்கும் உள்ள உறவு அத்தோட முடிஞ்சுது.

இந்தப் பதிவு அப்படி ஒரு பூ ஜாடியைப் பத்தினதுதான். வரைஞ்சவர் பேரு தியோடர் பல்லாடி. (பேரைப் படிச்சதும் பல் டாக்டர் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல. எனக்கும் வந்துச்சு :-) )

நிற்க. எனக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்னு நீங்க கேட்குறது காதுல விழுது. ஒரு சம்பந்தமும் இல்ல. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சுட்டு பொட்டி தட்டிப் பிழைக்குற கோடானு கோடி ஜனங்கள்ல நானும் ஒருத்தன். போன வருஷம் கம்பெனியில மூணு மாசத்துக்கு புக்கரெஸ்டுக்கு அனுப்பி வெச்சாங்க. பிப்ரவரில போய் இறங்கினேன். வாரநாள்ல ஆணி. சனிக்கிழமை துணி துவைக்கிறது. ஞாயித்துக்கிழமை ரூம்ல ரசம் வெச்சு சாப்பிட்டுட்டு ஜன்னல் வழியா ஐஸைப் பார்க்குறது. இப்படியே மூணு வாரம் ஓடிப்போச்சு. கிளையன்ட் ஆபீஸ்ல எங்க டீமோட வேலை பார்க்குற ஒரு அம்மா, அம்பது வயசுக்கு மேல இருக்கும், "ஞாயித்துக்கிழமை என்ன பண்ணே"ன்னு கேட்டாங்க. சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பாவமா பார்த்துட்டு ஒரு சீட்டுல விலாசம் எழுதிக் குடுத்தாங்க. ஸம்பாக்சியன் மியூசியம்.

இந்த இடத்துக்கே ஒரு தனிக் கதை உண்டு. கிரிகோர் ஸம்பாக்சியன்கிறவர் அர்மீனிய வம்சாவளி, 1889-ல கான்ஸ்டன்சா துறைமுக ஊர்ல பொறந்தவர். வியாபாரம் பண்ணி சம்பாதிச்ச காசையெல்லாம் படம் வாங்கியே தீர்த்தவர். அதுலயும் முக்கியமா தன் காலத்து ருமேனிய ஓவியர்களோட படங்கள். படத்தை மட்டும் இல்ல, வரைஞ்சவங்களையும் கூட இருந்து பார்த்துக்கிட்டார். 1947-ல மொத்தத்தையும் நாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டார். 1977 பூகம்பத்துக்குப் பிறகு சௌசெஸ்கு அரசாங்கம் அந்த வீட்டை மூடிடுச்சு. ஆட்சி கவிழ்ந்து, 1992-லதான் திரும்பத் தொறந்தாங்க. வெளியில இருந்து பார்த்தா மியூசியம் மாதிரியே இல்ல, அமைதியான தெருவுல யாரோ வசதியானவங்க வீடு மாதிரி இருக்கு. உள்ள போனாலும் வீடுதான். மாடிப்படி, ஹால், சுவரெல்லாம் படம்.

அன்னிக்கு என்னைத் தவிர ரெண்டே பேர் தான் இருந்தாங்க. ஒருத்தர் காவலுக்கு உட்கார்ந்திருந்த பாட்டி.

பல்லாடி படம் சின்னது. மேசை மேல ஒரு ஜாடி, அதுல கொஞ்சம் பூ. பக்கத்துல ஒரு புத்தகம். கீழே விரிச்ச துணி. அவ்வளவுதான் சரக்கு. மேசை நேரா இல்ல, நம்ம பக்கம் சாய்ஞ்சாப்புல இருக்கு, எந்நேரமும் ஜாடி வழுக்கி நம்ம மடியில விழுந்துடும்போல. கலர் எல்லாம் பளிச்சுனு கிடையாது. பல தடவை துவைச்ச பருத்திப் புடவையோட நிறம்னு வெச்சுக்கோங்களேன். சாம்பல் பூத்த நீலம், செங்கல் பொடி மாதிரி ஒரு சிவப்பு, காவி. பூவைச் சுத்தியும் ஜாடியைச் சுத்தியும் ஒரு கோடு ஓடுது. அந்தக் கோடு ஒரு இடத்துல தடிமனா இருக்கும், ஒரு இடத்துல காணாமலே போயிடும், கொஞ்சம் தள்ளி திரும்ப வரும்.

நான் வழக்கமா மியூசியத்துல ஒரு படத்துக்கு எட்டு செகண்டுக்கு மேல குடுக்குற ஆளு இல்ல. இது முன்னாடி எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. காவல் பாட்டி எழுந்து வந்து பக்கத்துல நின்னு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துட்டுப் போனாங்க.

ஏன் நின்னேன்னு கேட்டா பின்னாடி சொல்றேன். முதல்ல ஆளைப் பத்தி.

பல்லாடி 1871-ல யாஷ்ங்கிற ஊர்ல பொறந்தார். மால்டாவியப் பகுதியோட பழைய தலைநகர் அது. பெரிய ஜமீன் குடும்பம். வீட்டுல பையன் என்ன ஆகணும்னு நினைச்சாங்க தெரியுமா? இன்ஜினியர்! ஜெர்மனியில ட்ரெஸ்டன் ஊர்ல பாலிடெக்னிக்ல படிக்க அனுப்பிச்சாங்க. 1880-கள்லயே இந்தக் கொடுமை ஆரம்பிச்சாச்சு மக்களே. நாமெல்லாம் ரொம்ப லேட்டு. பையன் இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டே, பக்கத்துல எர்வின் ஓமெங்கிற ஓவியர்கிட்ட படம் வரையக் கத்துக்கிட்டான். அவர்தான் "தம்பி, உன் இடம் இது இல்ல, பாரிஸுக்குப் போ"ன்னு சொல்லி அனுப்பினவர். பாரிஸ் போய் குஸ்தாவ் மொரோவோட பட்டறையில சேர்ந்தார். அதே பட்டறையில கூடப் படிச்சவங்க யார்னு பார்த்தா ஆன்றி மத்தீஸ், ஜார்ஜ் ருவோ, அல்பேர் மார்க்கே. என்னா பேட்ச்!

மத்தீஸும் பல்லாடியும் ஆயுசு பூரா நண்பர்கள். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஒருத்தர் பிரான்ஸ்லயும் ஒருத்தர் புக்கரெஸ்டுலயுமா மாட்டிக்கிட்டப்பகூட கடிதப் போக்குவரத்து இருந்திருக்கு. மத்தீஸ் 1940-ல வரைஞ்சு முடிச்ச 'ருமேனிய ரவிக்கை' படத்தை எங்கயாவது பார்த்திருப்பீங்க. சிவப்புப் பின்னணியில, பூ வேலைப்பாடு போட்ட வெள்ளை ரவிக்கையில ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கும். இப்ப பாரிஸ் பாம்பிடூ மையத்தோட சேகரிப்புல இருக்கு. உலகம் முழுக்க போஸ்டரா, காபி கப்பா சுத்துற படம் அது. பல்லாடி பேரைச் சொன்னா ருமேனியாவைத் தாண்டி முக்காவாசிப் பேருக்குத் தெரியாது. ஒரே வாத்தியார், ஒரே பெஞ்சு. ஒருத்தருக்கு உலகம், ஒருத்தருக்கு ஊர். நம்ம செட்டுலயும் இப்படி ரெண்டு பேர் இருக்கத்தானே செய்யுறாங்க.

ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஒன்னு புரியும். மத்தீஸ் கலரைக் கூப்பிட்டா அது கச்சேரிக்கு வர்ற மாதிரி முழு மேக்கப்போட வரும். பல்லாடி கிட்ட அதே கலர் மதியத் தூக்கத்துல இருந்து எழுந்து வர்ற மாதிரி வரும். இவர் கத்த மாட்டார். ரெண்டு உலகப்போருக்கு நடுவுல உள்ள வருஷங்கள்ல பாரிஸ்ல ஒரு காலும் புக்கரெஸ்டுல ஒரு காலுமா இருந்தவர். பாரிஸ்ல 'பிளாஸ் தோஃபின்'னு ஆத்துத் தீவுல ஒரு முக்கோண சதுக்கம் இருக்கு, அங்கதான் வாசம். ஜன்னல்ல இருந்து தெரியுற அதே சதுக்கத்தை திரும்பத் திரும்ப வரைஞ்சிருக்கார். ரூமுக்குள்ள திரும்பினா அதே மேசை, அதே மாதிரி ஜாடி, பூ, புத்தகம், குடை, கையுறை. பல படங்களுக்குப் பேரே வெறும் 'பூக்கள்'தான்.

ருமேனியாவுல பூ வரையுறதுக்கு ஒரு பரம்பரையே இருக்குன்னு பிறகு தான் தெரிஞ்சுது. அதுக்கெல்லாம் தாத்தா ஷ்தெஃபான் லூக்கியான். பல்லாடியை விட மூணு வயசு மூத்தவர். நரம்பு மண்டலத்தைத் தின்னுற வியாதி வந்து, 1909-ல இருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியாமப் போச்சு. வெளியில போய் மலையும் வயலும் வரைய முடியாது. அதனால பூவை வீட்டுக்குள்ள கொண்டு வந்து வெச்சு வரைஞ்சார். அனிமோன் பூக்கள்னா அங்க இன்னிக்கும் லூக்கியான் தான். விரல் தூரிகையைப் பிடிக்க மறுத்த பிறகு மணிக்கட்டுல கட்டிக்கிட்டு வரைஞ்சார்னு சொல்வாங்க. 1916-ல போய்ச் சேர்ந்தார். போர்களுக்கு நடுவுல வந்தவங்க எல்லாருக்கும் பூன்னா முதல்ல அவர்தான் கண்ணு முன்னாடி நின்னிருப்பார்.

அப்புறம் கியோர்கே பெத்ராஷ்கு. 1872-ல பொறந்தவர், பல்லாடிக்கு ஒரு வயசு இளையவர். முதல்ல இயற்கை விஞ்ஞானம் படிக்கப் போய் அப்புறம் ஓவியத்துக்கு வந்தவர். (யாருமே நேரா வரலை பாருங்க.) இவர் பூ வரைஞ்சா கொத்தனார் வேலை மாதிரி இருக்கும். பெயிண்டை பூசி, காயவிட்டு, அது மேல பூசி, இதழெல்லாம் கையில தட்டுப்படுற அளவுக்கு மேடு பள்ளமா நிக்கும். பக்கத்துல போய்ப் பார்த்தா பூவே தெரியாது, சுண்ணாம்புச் சுவர்தான் தெரியும். நாலு அடி பின்னாடி வந்தா பூ வந்து உட்கார்ந்திருக்கும். 1929 பார்சிலோனா கண்காட்சி, 1937 பாரிஸ் கண்காட்சி ரெண்டுலயும் பெரிய பரிசு வாங்கினவர்.

பல்லாடி இதுக்கு நேர் எதிர். மெல்லிசா பூசுவார். அட்டையில வரைஞ்ச படங்கள்ல அட்டையோட நிறமே அங்கங்க எட்டிப் பார்க்கும். விட வேண்டிய இடத்தை விட்டுடுவார். கோட்-ல தேவையில்லாத வரியை அழிக்கிறதுதான் சிரமம்னு நமக்குத் தெரியும் இல்லையா, கிட்டத்தட்ட அது. என்னைக் கேட்டா ட்ரெஸ்டன்ல படிச்ட இன்ஜினியரிங் வீணாப் போகலைன்னு தான் தோணுது. அந்தக் கோடு சும்மா அலங்காரத்துக்கு ஓடுற கோடு இல்ல, பாரம் தாங்குற கோடு. அதை எடுத்துட்டா ஜாடி உடைஞ்சு போயிடும்.

சரி, மார்ச் மாசத்துக்கு வருவோம்.

புக்கரெஸ்டுல பூக்கடைங்க ராத்திரியும் தொறந்திருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு பால் பாக்கெட் கிடைக்காத தெருவுலகூட ரோஜா கிடைக்கும். மார்ச் 8 மகளிர் தினம்னா அங்க ஆபீஸ் மெயில்ல வாழ்த்து அனுப்பிட்டு முடிக்கிற சமாச்சாரம் இல்ல. அம்மா, பாட்டி, டீச்சர், கூட வேலை பார்க்குறவங்கன்னு எல்லாப் பொம்பளைங்களுக்கும் பூ குடுத்தாகணும். நானும் எங்க டீம்ல இருந்த நாலு பேருக்கு வாங்கலாம்னு போனேன். கடைக்காரம்மா கிட்ட ஆளுக்கு நாலு டுலிப்னு விரலைக் காட்டினேன். அந்தம்மா பதறிப்போய், "நாலு கிடையாது, மூணு இல்லேன்னா அஞ்சு"ன்னு விரலை மடக்கி நீட்டிக் காட்டுறாங்க. எனக்கு ஒன்னும் புரியல. ஆபீஸ் போய்க் கேட்டா விஷயம் இதுதான்: அங்க உயிரோட இருக்குறவங்களுக்கு ஒற்றைப்படையில தான் பூ. ரெட்டைப்படைன்னா அது சாவுக்கு.

விலாசம் எழுதிக் குடுத்த அம்மாவுக்கும் மூணு டுலிப் குடுத்தேன். வாங்கிக்கிட்டு, "எங்க வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு வருஷமும் இந்த நாள்ல வீடு பூரா பூவா ஆயிடும், ஜாடி பத்தாது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு தண்ணி பிடிக்கப் போனாங்க. சாதாரணமா சொன்ன வார்த்தை. எனக்கு அன்னிக்குப் பூரா வேலை ஓடல.

அடுத்த ஞாயிறு திரும்ப அந்த மியூசியம் போனேன். இந்தத் தடவை பல்லாடி ஜாடியில எத்தனை பூன்னு எண்ணிப் பார்த்தேன். (இன்ஜினியர் புத்தி.) முடியல. ஒன்னு இன்னொன்னுக்குப் பின்னாடி பாதி மறைஞ்சிருக்கு, ஒன்னு பூவா இலையான்னே தெரியல. ஏழுன்னும் சொல்லலாம், எட்டுன்னும் சொல்லலாம். உயிரோட இருக்குறவங்களுக்கா செத்தவங்களுக்கான்னு அந்த ஜாடி சொல்ல மாட்டேங்குது. யாருக்கும் இல்லாம சும்மா நிக்குது.

நான் முதல் நாள் ஏன் நின்னேன்னு அப்பதான் எனக்கே பிடிபட்டது. இந்தப் பூ யாருக்கும் இல்ல.

நம்ம வீட்டுல பூ எப்பவும் யாருக்காவதுதான். சாமிக்கு. தலைக்கு. பொணத்துக்கு. மேடையில மந்திரிக்கு. காம்பைக் கிள்ளி, நாருல கட்டி, மொழம் போட்டு, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிடுவோம். காம்போட, தண்ணியில, எந்த வேலையும் இல்லாம பூ நிக்குறதை நான் எங்க வீட்டுல பார்த்ததே இல்ல. எங்க ஊரு மதுரை. 2013-ல மல்லிகைக்கு புவிசார் குறியீடு வாங்கின ஊரு. பூவுக்குக் குறைச்சல் இல்லாத ஊருல இதுதான் நிலைமை.

இதை ஊருக்கு ஃபோன் பண்ணி ஒரு நண்பன் கிட்ட சொன்னேன். அவன் கொஞ்சம் காரமான ஆளு. "மச்சி, அந்த ஆளு எந்த வருஷம் வரைஞ்சுட்டிருந்தான்"னு கேட்டான். முப்பதுகள், நாப்பதுகள்னேன். "அந்த நாட்டுல அப்ப என்ன நடந்துச்சுன்னு தேடிப் படி. அப்புறம் வந்து பூவைப் பத்திப் பேசு"ன்னு வெச்சுட்டான்.

தேடிப் படிச்சேன். முதல் உலகப்போர் முடிஞ்சு 1918-ல ருமேனியா ஏறக்குறைய ரெண்டு மடங்கா பெருசாச்சு. அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் தங்கல. இரும்புக் காவலர்கள்னு ஒரு யூத வெறுப்புக் கும்பல் வளர்ந்துச்சு. 1938-ல ராஜா ரெண்டாம் காரோல் கட்சிகளையெல்லாம் கலைச்சுட்டு தானே சர்வாதிகாரி ஆனார். 1940-ல சோவியத், ஹங்கேரி, பல்கேரியான்னு ஆளுக்கொரு பக்கம் நாட்டைப் பிச்சு எடுத்துக்கிட்டாங்க. ராஜா ஓடிப்போக, அந்தோனெஸ்கு வந்து ஹிட்லரோட சேர்ந்தார். 1941 ஜூன் கடைசியில யாஷ் நகரத்துல யூதர்களைத் தெருவுல சுட்டுத் தள்ளினாங்க, மிச்சம் பேரை சரக்கு ரயில்ல காத்து, தண்ணி இல்லாம அடைச்சு ஊர் ஊரா ஓட்டினாங்க. 13,000 பேருக்கு மேல செத்தாங்க. யாஷ். பல்லாடி பொறந்த ஊர்.

இதைப் படிச்ச ராத்திரி தூக்கம் வரல. போர் ஆரம்பிச்சதும் பாரிஸை விட்டு வந்தவர் அப்ப புக்கரெஸ்டுலதான் இருக்கார். எழுபது வயசு. மேசை மேல ஜாடி. அந்த ஜாடியில யாஷ் பத்தி ஒரு துளி கூட இல்ல. தேடினாலும் கிடைக்காது. "வாடின பூவே ஒரு எதிர்ப்புதான்"னு ஏதாவது வியாக்கியானம் பண்ணலாம். பண்ண மாட்டேன். அது செத்தவங்களுக்கும் மரியாதை இல்ல, பூவுக்கும் மரியாதை இல்ல.

ஆனா நண்பனுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். பூ வரைஞ்சது மத்ததைப் பார்க்காம இருக்குறதுக்குச் சாக்குன்னு சொன்னா, பார்க்காம இருக்குறதுக்கு பூ எல்லாம் தேவையே இல்ல, சும்மா இருந்தாலே போதும். அந்த ஊர்ல அப்படிச் சும்மா இருந்தவங்க லட்சக்கணக்குல உண்டு. பூ ஜாடியால தடுக்க முடியாததைத் தடுக்கலன்னு அது மேல கேஸ் போடக் கூடாது. அதே சமயம் அது பெரிய மருந்துன்னும் நான் சொல்லல. போருக்கு அப்புறம் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் கேட்டுச்சு. ஃபேக்டரியை வரை, உழைப்பாளியை வரை, பூ எதுக்குன்னு. என் நண்பன் நல்ல எண்ணத்துல கேட்டான், அவங்க அதிகாரத்துல கேட்டாங்க. வித்தியாசம் இருக்கு. ஆனா ரெண்டு பேருக்குமே பூ யாருக்காவது பயன்படணும். பயனில்லாம நிக்குற ஒன்னைப் பார்த்தா நமக்கு ஏன் இவ்வளவு கோவம் வருதுன்னு யோசிச்சுப் பார்க்கணும்.

இப்ப வீட்டுக் கதை. இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரம் டிராஃப்ட்லயே கிடந்துச்சு. அம்மா கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்.

அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆகப் போகுது. முப்பது வருஷமா எங்க வீட்டு வாசல்ல சாயங்காலம் அஞ்சரை மணிக்கு பூக்காரம்மா வந்து நிக்கும். அம்மா ரெண்டு மொழம் வாங்கும். ஒன்னு சாமிக்கு, ஒன்னு தலைக்கு. அப்பா போன பிறகும் ரெண்டு மொழம்தான். ஒன்னு சாமி படத்துக்கு, ஒன்னு அப்பா படத்துக்கு. கணக்கு மாறல பாருங்க. நடுவுல ஒரு ஆள் மட்டும் கணக்குல இருந்து விழுந்துடுச்சு.

நான் ஒரு தடவை, "நீ வெச்சுக்கோம்மா, இந்தக் காலத்துல யாரு என்ன சொல்லப் போறா"ன்னு சொன்னேன். அத்தை பக்கத்துல இருந்தாங்க, முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அம்மா சொன்னது வேற: "யாரும் சொல்லுவாங்கன்னு இல்லடா. எனக்கே கை போக மாட்டேங்குது." அதுக்கு மேல எனக்குப் பேச்சு இல்ல. புரட்சி பண்ற மகனுக்கு வசனம் எல்லாம் தயாரா இருந்துச்சு. ஆனா அது அம்மாவோட தலை, அம்மாவோட கை.

ஏப்ரல் கடைசியில ஊருக்குத் திரும்பின முதல் ஞாயித்துக்கிழமை, காலையில மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனேன். காம்போட சம்பங்கி, கொஞ்சம் ரோஸ். "மாலைக்கா தம்பி, எத்தனை கிலோ"ன்னாங்க. ஏழு காம்பு போதும்னேன். மேலயும் கீழயும் பார்த்துட்டுக் குடுத்தாங்க. வீட்டுல ஜாடி கிடையாது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணி ஊத்தி டிவி பக்கத்துல வெச்சேன்.

அம்மா சமையக்கட்டுல இருந்து வந்து பார்த்துச்சு.

"யாருக்குடா இது?"

"யாருக்கும் இல்லம்மா. சும்மா."

"சும்மா யாராச்சும் பூ வாங்குவாங்களா? நாரு வாங்கிட்டு வந்தியா, கட்டிப் படத்துக்குப் போடுறேன்."

"வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

ஒன்னும் சொல்லல. லூசுப் பயன்னு நினைச்சிருக்கும். மறுநாள் காலையில நான் எழுந்திரிக்கிறப்ப பாட்டில் டிவி பக்கத்துல இல்ல. தூக்கிப் போட்டாச்சுன்னு நினைச்சேன். சமையக்கட்டு ஜன்னல்ல இருந்துச்சு. தண்ணி மாத்தியிருந்துச்சு. "அங்க இருந்தா டிவி சூடு. இங்க வெளிச்சம் இருக்கு"ன்னுச்சு அம்மா, என் பக்கம் திரும்பாமலே, தோசையை ஊத்திக்கிட்டே.

அஞ்சாவது நாள் பூ கருத்துப்போச்சு. நான் எடுத்துப் போடப் போனேன். "இருக்கட்டும், அந்த மேல் மொட்டு இன்னும் விரியல"ன்னுச்சு. சம்பங்கி கீழ இருந்து மேல மேல பூத்துக்கிட்டே போகும், கட்டுன சரத்துல அது தெரியாது, காம்போட வெச்சாதான் தெரியும். முப்பது வருஷமா தெனம் பூ வாங்கின அம்மாவுக்கு இது புதுசு. எனக்கும் தான்.

அம்மா தலையில பூ வெச்சுக்க ஆரம்பிச்சுதான்னு கேட்காதீங்க. இல்ல. வெச்சுக்கல, நான் கேட்கவும் இல்ல. போன வாரம் ஃபோன்ல பேசுறப்ப பூக்காரம்மா கிட்ட "காம்போட ஏதாச்சும் கொண்டு வருவியா"ன்னு கேட்டதா சொல்லுச்சு. அதுக்கு பூக்காரம்மா, "காம்பை வெச்சு என்னக்கா பண்ணுவ"ன்னு கேட்டுச்சாம். "பார்ப்பேன்"னு சொன்னேன்டான்னுச்சு.

பல்லாடி 1956 ஆகஸ்டுல, எண்பத்தஞ்சு வயசுல புக்கரெஸ்டுல இறந்துபோனார். அதே ஊர்ல, பழைய வீடுகள்ல ஒன்னான மெலிக் வீட்டுல அவர் பேருல ஒரு மியூசியம் வெச்சிருக்காங்க. அவருக்கு மதுரையில ஒரு சமையக்கட்டு ஜன்னல் பத்தி எல்லாம் தெரிய வாய்ப்பே இல்ல. அவர் எங்க அம்மாவுக்காக வரையல. யாருக்காகவும் வரையலன்னு நினைக்கிறேன். அதனாலதான் அது எங்க வீடு வரைக்கும் வந்துச்சோ என்னவோ.

'செத்த இயற்கை'யா, 'அசையாத உயிரா'ன்னு கேட்டா, என் ஓட்டு ரெண்டாவதுக்கு. அந்த மேல் மொட்டு ஏழாவது நாள் விரிஞ்சுது.

உங்க வீட்டுல யாருக்கும் இல்லாம சும்மா ஒரு பூ கடைசியா எப்ப நின்னுச்சு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.

டிஸ்கி: அம்மா இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சுட்டு சொன்ன ஒரே கருத்து, "அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எழுதணுமாடா, நல்லதா ஒரு சொம்புன்னு எழுதக் கூடாதா?" :-)